கதவு மூடாத நாள்: சாட்ஸ்வொர்த்தில் ஒரு டட்சன் 1200 கூபே

வண்டி: 1973 டட்சன் 1200 கூபே, பி110 வகை. இடம்: தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த் (நிறவெறி ஆட்சி இந்தியர்களுக்கென ஒதுக்கிய பகுதி), என் மாமனார் வீட்டு ஒற்றைக் கராஜ். காலம்: 2021 அக்டோபரிலிருந்து 2023 ஜூலை வரை. ஆட்கள்: மாமா, மச்சான், நான். மூன்று பேரில் ஒருவரும் மெக்கானிக் இல்லை. மாமா புரோஸ்பெக்டன் டொயோட்டா ஆலையில் 31 வருஷம் வேலை பார்த்தவர், ஆனால் சீட் பொருத்தும் வரிசையில். "டொயோட்டா சோறு போட்டுச்சு, டட்சன் வீட்டுல கொண்டுவந்து விட்டுச்சு" என்பார்.

வண்டி கடைசியில் நன்றாகவே வந்தது. ஆனால் வேலையின் வரிசையைத் தப்பாகப் போட்டு, முதல் ஐந்து மாத உழைப்பைப் பாதிக்கு மேல் திரும்பச் செய்தோம். அந்தத் தப்பு எங்கே தொடங்கியது என்பதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். பெயின்ட் அடித்த கதை இரண்டு வரியில் முடிந்துவிடும்.

வண்டியும் அதன் காலமும்

1970 ஜனவரியில் ஜப்பானில் சன்னி என்ற பெயரில் வந்ததுதான் வெளிநாடுகளில் டட்சன் 1200. முந்தைய சன்னியைச் சீண்டி, தன் கொரோலாவில் 100 சிசி கூடுதல் என்று டொயோட்டா விளம்பரம் செய்திருந்தது. அதற்குப் பதிலடியாக, பக்கத்து வண்டி சின்னதாகத் தெரிகிறது என்று டட்சனின் தாய் நிறுவனமான நிசான் இந்த வண்டிக்கு விளம்பரம் போட்டது. உள்ளே ஏ12 இன்ஜின்: 73 மில்லிமீட்டர் போர் (சிலிண்டர் விட்டம்), 70 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 1171 சிசி. காகிதத்தில் பார்த்தால் சாதாரணக் குடும்ப வண்டி. ஆனால் கூபேயின் எடை 700 கிலோவை ஒட்டித்தான். ஜப்பானில் டிஎஸ் எனப்படும் கார் பந்தயங்களில் இதே புஷ்ராடு இன்ஜினை நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று வரை விரட்டினார்கள். ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லலாமா என்று கேட்பவர்களை ஒருமுறை பக்கத்தில் உட்கார வைத்து வளைவில் திருப்பிக் காட்டினால் போதும்.

மாமா இதை 1979-ல் இரண்டாம் கையாக வாங்கினார். அப்போதே யாரோ இரட்டைக் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கருவி) போட்டிருந்தார்கள். நிறவெறி ஆட்சி 1960-களிலேயே ஜப்பானியருக்கு 'கௌரவ வெள்ளையர்' தகுதி கொடுத்துவிட்டது; அவர்கள் போகக்கூடிய ஓட்டலுக்குள் மாமா போக முடியாது. "அவங்க பீச்சுக்குப் போனாங்க, அவங்க காரு எங்களோட சாட்ஸ்வொர்த்துக்கு வந்துச்சு." இதைச் சொல்லும்போது அவர் சிரிப்பார். நான் இன்னும் சிரிக்கப் பழகவில்லை.

1998-ல் வண்டி நின்றது. அதன்பின் கராஜில் மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே கிடந்தது. டர்பன் காற்றில் உப்பும் ஈரமும் எப்போதும் உண்டு. கராஜுக்குள் வைத்தால் துரு பிடிக்காது என்பது நம்பிக்கை மட்டுமே.

இன்ஜின் சொன்னதும் நாங்கள் கேட்டதும்

முதல் வாரமே நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது காற்று எவ்வளவு அழுந்துகிறது என்று பார்த்தோம்: 150, 145, 95, 148 பிஎஸ்ஐ. மூன்றாவதில் ஒரு கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தால் 98. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அந்த இடுக்கை அடைத்து அளவு சட்டென ஏறியிருக்கும். ஏறவில்லை என்றால் கசிவு மேலே, வால்விலோ கேஸ்கெட்டிலோ. ஹெட்டைக் கழற்றினோம். மூன்றாவது எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு எலி கடித்த அப்பளம் மாதிரி இருந்தது.

ஈயம் கலந்த பெட்ரோல் 2006-ல் நின்றதால்தான் பழைய வால்வுகள் எரிகின்றன என்றான் மச்சான். இந்த வண்டியோ அதற்கு எட்டு வருஷம் முன்பே படுத்துவிட்டது! தவிர, இது அலுமினிய ஹெட். வால்வு உட்காரும் இடம் தனியாகச் செருகிய வளையம், அது தேயாமல் நன்றாகவே இருந்தது. வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் கைக்கும் நடுவே, கழற்றும் முன் அளந்து வைத்த இடைவெளிதான் உண்மையைச் சொன்னது. சூடான இன்ஜினில் 0.35 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் அந்த ஒரு வால்வில் இடைவெளியே இல்லை. வால்வு முழுதாக மூடி உட்கார்ந்தால்தான் தன் சூட்டை ஹெட்டுக்குக் கடத்தும். அரைகுறையாக மூடினால் அங்கேயே நின்று எரியும். யாரோ கடைசியாக இந்த இடைவெளிகளை, அதாவது டேப்பெட்டை, செட் செய்தபோது ஒன்றை இறுக்கிவிட்டார்கள். அந்த யாரோ மாமாதான் என்று பிறகு தெரிந்தது. அந்தப் பேச்சு வீட்டில் இப்போது வருவதில்லை.

இந்த இடத்தில் செய்திருக்க வேண்டியது எளிது. ஒரு வால்வு வாங்கி, லேத்துப் பட்டறையில் கிரைண்டிங் செய்து, ஹெட்டைப் பூட்டி, இன்ஜினைத் துணி சுற்றி மூலையில் வைத்துவிட்டு, வண்டியின் அடிப்பக்கம் படுத்துப் பார்த்திருக்க வேண்டும். நாங்கள் பார்க்கவில்லை. ஹெட் திறந்து கிடந்தது, மூன்று ஆண்கள் சுற்றி நின்றார்கள். பெரிய இன்ஜின் போட்டால் என்ன என்று பேச்சு போய்விட்டது.

பக்கி

தென்னாப்பிரிக்காவில் பின்புறம் திறந்த சிறு லாரியைப் பக்கி என்பார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்த எனக்கு அது வசவுச் சொல். வந்த புதிதில் மாமியார் "உங்க மாமா பக்கியோட வராரு" என்றபோது, யாரைத் திட்டுகிறார் என்று முழித்தேன்.

நிசான் 1400 பக்கி என்பது இந்த டட்சன் 1200-இன் சன்னி லாரி வழி வந்த உறவு. ஜப்பானில் 1200 கார் நின்று பல பத்தாண்டு கழிந்த பிறகும், பிரிட்டோரியா பக்கத்தில் ரோஸ்லின் ஆலையில் 2008 வரை இதைச் செய்துகொண்டிருந்தார்கள். சந்தைக்குக் காய்கறி ஏற்றுகிறவர், கொத்தனார், பிளம்பர் எல்லாரிடமும் இது இருந்தது. ஆகவே, ஆஸ்திரேலியாவிலோ இங்கிலாந்திலோ பி110 வைத்திருப்பவர் ஒரு எஞ்சின் மவுண்டுக்கு மாதக்கணக்கில் தேடும்போது, எங்களுக்கு உதிரிபாகம் அடுத்த தெரு கவுண்டரிலேயே கிடைத்தது.

பக்கியின் ஏ14 இன்ஜின் 76 மில்லிமீட்டர் போர், 77 ஸ்ட்ரோக், 1397 சிசி. ஒரே குடும்பம் என்பதால் கூபேக்குள் போய் உட்காரும். ஐந்து கியர் பெட்டியும் கூடவே கிடைக்கும். 2021 டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க் பக்கம் பின்னால் இடிபட்ட ஒரு பக்கியை 17,000 ராண்டுக்கு முழுசாக வாங்கி டிரெய்லரில் ஏற்றி வந்தோம். இன்ஜினை மட்டும் வாங்கினால் மலிவு. ஆனால் இங்கே இன்ஜின் மாற்றினால் போலீஸில் எண்ணைக் காட்டி அனுமதி பெற்று, பதிவு அலுவலகத்தில் புது எண்ணை ஏற்ற வேண்டும். எந்த வண்டியிலிருந்து வந்தது என்று காட்டக் கையில் காகிதம் இருப்பது பெரிய நிம்மதி. முழு வண்டி வாங்கச் சொன்னது மாமா. இந்த வேலையில் எடுத்த முடிவுகளிலேயே சரியானது அதுதான்.

பிப்ரவரியில் ஏ14 கூபேக்குள் இறங்கியது. பக்கி நீளமான வண்டி. அதனால் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டிக் குறைத்துப் பேலன்ஸ் செய்ய வேண்டியிருந்தது. கராஜுக்குள்ளேயே ஸ்டார்ட் செய்து பார்த்தோம். முதல் திருப்பிலேயே பிடித்தது. மாமியார் தேங்காய் உடைத்தார்.

கதவு

மார்ச் முதல் வாரம், புகைக்குழாய் கட்ட மச்சான் அடியில் படுத்தான். ஸ்குரூ டிரைவர் கை தவறி, இடது பின்சக்கரப் பட்டை ஸ்பிரிங்கின் முன்முனை மாட்டியிருக்கும் இடத்தில் இடித்தது. தார்ப் பூச்சைத் துளைத்துக்கொண்டு கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. அதன்பின் மூன்று நாள் சுரண்டினோம். இடது ரன்னிங் போர்டு முழுக்க, ஓட்டுநர் காலடித் தரை பாதி, பின்சக்கர வளைவு இரண்டும், கண்ணாடிக்குக் கீழே காற்று போகும் பெட்டியின் மூலைகள், எல்லாம் போயிருந்தன. மேலே பழைய பெயின்டும் அடியில் தாரும் பிடித்து வைத்த ஓடு அது. நடுவில் இரும்பு இல்லை.

இந்த வகை வண்டிக்குத் தனிச் சேஸ் கிடையாது. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற ரன்னிங் போர்டுதான் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்திருக்கும் எலும்பு. அதை வெட்டும் முன் கதவுச் சட்டத்துக்குக் குறுக்கே இரும்புக் குழாய் பற்றவைத்து, வண்டியை மட்டமாகத் தாங்கி நிறுத்த வேண்டும். படித்திருந்தோம். ஆனால் இன்ஜினைத் திரும்ப வெளியே எடுக்கச் சோம்பல். "ஒரு பக்கம்தானே, சீக்கிரம் வெட்டிட்டு ஒட்டிடலாம்" என்றது நான். மச்சான் மேல் பழி போட வழியில்லை.

வெட்டிய மறுநாள் காலை மாமா இடது கதவைச் சாத்தினார். மூடவில்லை. பின் விளிம்பின் ஒரு முனையில் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருந்த இடத்தில் 2 கூட இல்லை; மறுமுனையில் அதே அளவு அகண்டிருந்தது. இன்ஜினும் கியர்பெட்டியும் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேல். அது முன்னால் தொங்க, நடுவில் எலும்பு இல்லாத உடல் மடங்கியிருந்தது. மாமா கதவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "இது நாப்பது வருஷம் ஒரு விரல்ல மூடுன கதவு, தம்பி" என்றார். வழக்கமாக என்னை மாப்பிள்ளை என்பார்.

திருத்தியது இப்படி. இன்ஜினையும் கியர்பெட்டியையும் வெளியே எடுத்தோம். சஸ்பென்ஷன் மாட்டும் புள்ளிகளின் கீழே தாங்கிகளை வைத்து, தண்ணீர் நிரப்பிய ஒளி ஊடுருவும் குழாயால் நான்கு மூலையையும் மட்டம் பார்த்தோம். கொத்தனார் பார்க்கிற அதே முறை, லேசரைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை. முன்பக்கத் தாங்கிக்கு அடியில் சிறு ஜாக்கி வைத்து ஒரு நாளைக்குக் கால் திருப்பாக ஏற்றினோம். கதவு பழைய இடைவெளிக்கு வந்ததும் குறுக்குக் குழாய்களைப் பற்றவைத்து அங்கேயே பூட்டினோம். ஒன்பது நாள் ஆயிற்று. கதவை அளவுகோலாக வைத்துக்கொண்டதுதான் எங்களைக் காப்பாற்றியது.

வெள்ளம், வெல்டிங்

ஏப்ரலுக்குள் பெயின்டும் தாரும் சுரண்டி, வெறும் இரும்பாக வண்டி நின்றது. அடுத்த சனிக்கிழமை துரு தடுக்கும் முதல் பூச்சான எபாக்ஸி பிரைமர் அடிக்கத் திட்டம். 2022 ஏப்ரல் 11-ம் 12-ம் டர்பனில் பேய்மழை. மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். மாமா வேலை பார்த்த புரோஸ்பெக்டன் ஆலையே மூழ்கி மாதக்கணக்கில் நின்றது. எங்கள் தெருவில் இரண்டு வீட்டுச் சுற்றுச்சுவர் சரிந்தது. கராஜுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். குழாயில் தண்ணீர் இல்லாத நாட்களில் லாரித் தண்ணீருக்கு வாளியோடு நின்றோம். வண்டியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மே மாதம் பார்த்தபோது தகரம் முழுக்க மஞ்சள் பொடி படர்ந்திருந்தது. பாஸ்பாரிக் அமிலத்தால் கழுவி, துடைத்து, காயவைத்து, அன்றே பிரைமர் அடித்தோம். அதற்குப் பிறகு எங்கள் விதி: எந்த இரும்பும் ஒரு இரவு வெறுமையாகக் கிடக்கக்கூடாது. எவ்வளவு சுரண்டினோமோ அவ்வளவுக்கு அன்றே பிரைமர்.

தகர வேலைக்கு 1 மில்லிமீட்டர் தகடு, மிக் வெல்டிங், 0.6 மில்லிமீட்டர் கம்பி. நீளக் கோடாக இழுத்தால் தகடு சூட்டில் அப்பளமாகப் பொரிந்துவிடும். ஒரு பொட்டு இங்கே, அடுத்தது ஒரு சாண் தள்ளி, அது ஆறும்வரை டீ. இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று வரும் இடங்களில் ஆலை வைத்த பொட்டுகளுக்குப் பதிலாக மேல்தகட்டில் ஓட்டை போட்டு நிரப்பினோம். இடையில் துத்தநாகப் பிரைமர். பெட்டி மாதிரி மூடிய எல்லா இடத்திலும் கடைசியில் மெழுகு பீய்ச்சினோம். வருஷக் கடைசியில் மின்வெட்டு கடுமையான ஆறாம் கட்டத்துக்குப் போனபோது, இரவு பத்து மணிக்குக் கரண்ட் வந்தால் பத்து மணிக்கு வெல்டிங். பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒரு நாள் கூட முகம் சுளிக்கவில்லை. மாமியாரின் பிரியாணி அவ்வப்போது வேலியைத் தாண்டிப் போனது.

பட்டி பூசி மறைப்பதை மாமா ஒப்புக்கொள்ளவே இல்லை. இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் பட்டி தேவைப்பட்ட இடத்தையெல்லாம் திரும்பத் தட்டி நிமிர்த்தினோம். பெயின்ட் வெளியே கொடுத்தோம். பழைய ஆரஞ்சு நிறமே.

பிரேக் முதலில்

இந்த முறை இன்ஜின் இறங்கும் முன் பிரேக். மாமா இதில் பிடிவாதம். பைன்டவுனிலிருந்து க்லூஃபுக்கு ஏறும் ஃபீல்ட்ஸ் ஹில்லில் 2013 செப்டம்பரில் பிரேக் பிடிக்காமல் வந்த லாரி மோதி 24 பேர் செத்தார்கள். அந்த ஊர்க்காரர் யாரும் அந்தச் சரிவை மறப்பதில்லை. "மேல போற இன்ஜினுக்குக் கீழ வர்ற பிரேக் இருக்கணும்" என்றார்.

எங்கள் கூபேயில் முன்னால் டிரம். வாங்கிய பக்கியில் முன்னால் டிஸ்க். பக்கியின் ஸ்ட்ரட்டோடு டிஸ்கைத் தூக்கிக் கூபேக்கு மாற்றினோம், பெரிய தகராறு இல்லை. தகராறு பிறகு இன்ஜின் போட்டு ஓடிய சோதனை ஓட்டத்தில் வந்தது. மூன்று கிலோமீட்டரில் வண்டி கனத்தது, கருகல் வாசனை, சக்கரத்தில் கைவைக்க முடியவில்லை. காரணம், மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றாமல் விட்டது. டிரம் பிரேக் சுற்றுக்கான பழைய மாஸ்டரில், மிதியை விட்ட பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தம் தங்கச் செய்யும் சிறு வால்வு உண்டு. டிரம்மில் ஸ்பிரிங் அதை எதிர்த்துத் தள்ளும். டிஸ்கில் அப்படி ஸ்பிரிங் இல்லை, பேட் ஒட்டியபடியே தேய்க்கும். பக்கியின் மாஸ்டரைப் போட்டதும் சரியானது. பக்கியைக் கழற்றும்போது அதையும் சேர்த்தே எடுத்து வைத்திருந்தோம். எடுத்து வைத்துவிட்டு மாட்டாமல் போனதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை.

மேட்டு நிலத்து இன்ஜின்

2023 மே. இன்ஜின் திரும்ப உள்ளே. பழைய இரட்டைக் கார்புரேட்டரின் திராட்டில் தண்டுகள் தேய்ந்து காற்று இழுத்ததால், முதலில் பக்கியின் ஒற்றைக் கார்புரேட்டரோடே ஓட்டினோம். ஹிக்கின்சன் ஹைவேயில் மட்டமான இடத்தில் நன்றாகப் போனது. ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் நான்காம் கியரில் மிதித்தால் டப்பாவில் கூழாங்கல் குலுக்குவது போலத் தட்டல், இழுவையும் இல்லை. பிளக்கைக் கழற்றினால் முனை சுண்ணாம்பு வெள்ளை. பெட்ரோல் குறைவு, காற்று அதிகம்.

பெட்ரோல் பம்பைச் சந்தேகித்தோம், ஃபில்டரை மாற்றினோம், டேங்கைக் கழுவினோம். பத்து நாள் போனது. கண்டுபிடித்தது மாமா, அதுவும் கராஜில் இல்லை, சாப்பிடும்போது. "இந்தப் பக்கி எங்க ஓடுச்சு?" ஜோகன்னஸ்பர்க் 1,750 மீட்டர் உயரம், கடல்மட்டத்தைவிடக் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. அங்கே ஓடும் கார்புரேட்டர் வண்டிக்குச் சின்ன ஜெட் (பெட்ரோல் வரும் துளை) போட்டு, டைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தை, முன்தள்ளி வைப்பார்கள். அதே இன்ஜினைக் கடலோரம் கொண்டுவந்தால் காற்று முழுசாக வரும், பெட்ரோல் பழைய அளவில்தான் வரும், பொறியும் முந்திக்கொண்டு விழும். டைமிங் லைட் வைத்துப் பார்த்தால் ஐட்லிங்கில் 14 டிகிரி. 8-க்கு இறக்கி, மெயின் ஜெட்டை இரண்டு அளவு பெரிதாக்கினோம். மறுநாள் அதே ஏற்றம், அதே கியர், தட்டல் இல்லை. பிளக் முனை வெளிர் காப்பி நிறம்.

ஜூனில் இரட்டைக் கார்புரேட்டருக்குப் புது புஷ் அடித்து, இரண்டும் ஒரே அளவு காற்று இழுக்கிறதா என்று குழாயைக் காதில் வைத்துச் சீறல் கேட்டு ஒத்துவைத்துப் போட்டோம். மேல் சுற்றில் வண்டியின் குணமே மாறிவிட்டது. பெட்ரோல் குடிப்பதும் மாறிவிட்டது, அதை மச்சான் கணக்கில் எழுதுவதில்லை. பன்னிரண்டு அங்குலச் சக்கரத்துக்கு நல்ல டயர் கிடைக்காததால் பதின்மூன்றுக்குப் போனோம். ஸ்பீடோமீட்டர் இப்போது கொஞ்சம் குறைத்துக் காட்டுகிறது.

இப்போது

ஜூலையில் ரோட்வொர்த்தி சோதனையில் முதல் முறை ஃபெயில்: வலது பின் இண்டிகேட்டர். இரண்டாம் முறை பாஸ். சோதித்தவர் ரன்னிங் போர்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே என்ன வைத்தீர்கள் என்று கேட்டார். இரும்பு என்றார் மாமா.

கழற்றிய ஏ12 மேசைக்கு அடியில் இருக்கிறது. எரிந்த வால்வை மாற்றி, டேப்பெட்டை இந்த முறை நானே செட் செய்து மூடினேன். விற்கலாமா என்று மச்சான் ஒரு தடவை கேட்டான். மாமா பதில் சொல்லவில்லை. ஞாயிறு தோறும் ஸ்பானர் மாட்டி அதைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி வைக்கிறார்.

ஒரு குறை மிச்சம். மழையில் இடது காலடியில் தண்ணீர் நிற்கிறது. நான் பற்றவைத்த மூலை என்றுதான் முதலில் பயந்தேன். மாவு தூவிக் குழாய்த் தண்ணீர் அடித்துப் பார்த்ததில், முன்கண்ணாடி ரப்பர் வழியாக இறங்குகிறது. புது ரப்பர் வந்துவிட்டது, மொட்டைமாடி வெயிலில் இளகக் கிடக்கிறது. சனிக்கிழமை அதன் பள்ளத்தில் கயிறு கோத்து, வெளியிலிருந்து நானும் மச்சானும் கண்ணாடியை அழுத்த, உள்ளே உட்கார்ந்து ஒருவர் கயிற்றை இழுக்க வேண்டும். உள்ளே உட்காருவது தான்தான் என்று மாமா சொல்லிவிட்டார்.